லே ஜில்லாவின் நிலமும் நீரும் குடிகளும்

இந்தியாவின் வடகோடியில், இமயமலைத் தொடருக்கும் காரகோரம் மலைத் தொடருக்கும் இடையே லடாக் என்னும் பிரதேசம் அமைந்திருக்கிறது. அதன் கிழக்குப் பாகமே லே ஜில்லா. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்த ஜில்லாவின் விஸ்தீரணம் 45,110 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 17,400 சதுர மைல். அதில் வசித்த ஜனங்களோ 1,33,487 பேர் மாத்திரமே. இவ்வளவு பரந்த நிலத்தில் சாகுபடியாகும் பாகம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியது முழுவதும் மொட்டை மலையும், கல்லும் மணலும், உறைபனியுமேயாகும். இத்தகைய இடத்தில் பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் ஏர் பிடித்து, வெளியூர்த் தானியத்தைப் பெரிதும் எதிர்பாராமல் ஜீவித்து வந்தார்கள் என்பது விவசாயிகள் கவனிக்கத்தக்க விஷயம்.

லே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 11,500 அடி உயரத்திலுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரில் பெரும்பகுதி இமயமலையின் தென்சரிவிலேயே பொழிந்துவிடுகிறபடியால், மலைக்கு வடக்கேயுள்ள இப்பிரதேசத்திற்கு மேகம் எட்டிப் பார்ப்பதே அரிது. மழையும் பனியும் சேர்ந்து வருஷத்திற்குச் சுமார் 4 அங்குலந்தான். குளிர்காலத்தில் லே நகரிலேயே உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு வரையில் இறங்குவதுண்டு. நிலம் கல்லைப்போல் இறுகிவிடும். ஓடைகளின் ஓரம் உறைந்துவிடும். ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதமே பயிருக்குக் கிடைக்கும் காலம். எனினும் அந்த ஐந்து மாதமும் வானம் தெளிந்து வெயில் தடையின்றிக் காய்வதால், தண்ணீர் மட்டும் கிடைத்துவிட்டால் பயிர் செழிப்பாக வளர்கிறது.

தென்கிழக்கிலிருந்து வடமேற்காகச் சிந்து நதி இந்த ஜில்லாவின் நடுவே ஓடுகிறது. வடக்கே ஷியோக், நூப்ரா என்னும் ஆறுகளின் பள்ளத்தாக்கு. கிழக்கே சாங்தாங் என்னும் உயர்ந்த மேட்டு வெளி. மேற்கே சற்றுத் தாழ்ந்த ஷாம் பகுதி. சிந்து நதி பெரியதேயாயினும் பள்ளத்தில் ஓடுவதால், அதன் நீர் பெரும்பாலான கிராமங்களின் வயல்களுக்கு ஏறுவதில்லை. மலைப் பிளவுகளின் வழியாக இறங்கிவரும் சிற்றோடைகளே குடிகளின் ஜீவாதாரம். ஓடை இறங்கும் இடத்தில் ஊர் இருக்கிறது; ஓடையில்லாத இடத்தில் ஊரில்லை. ஆகையால் அந்நாட்டில் ஒருவனுடைய செல்வத்தை நிலத்தின் பரப்பைக் கொண்டு மதிப்பிடுவது பயனற்றது. நிலம் வேண்டிய மட்டும் கிடக்கிறது. நீர் பாயும் நிலம் எவ்வளவு என்பதே கேள்வி.

தண்ணீர் வரும் காலம்

சிற்றோடைகளுக்கு நீர் மலையுச்சியிலுள்ள பனியாறுகளிலிருந்து வருகிறது. ஆண்டாண்டாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, மலையிடுக்கில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதற்குப் பனியாறு என்று பெயர். இவை பெரும்பாலும் 17,000, 18,000 அடிக்கு மேல் கிடக்கின்றன. அந்த உயரத்தில் ஜூன் மாதம் வந்த பிறகே பனி நன்றாக உருகத் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஓடைகள் நிறைந்து ஓடும்.

ஆனால் உழவனுக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். இறுகிய மண்ணை உழுவதற்கு முன்னே ஒரு தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். விதைத்துச் சில வாரங்களுக்குள் மறு தண்ணீர் தேவை. இது தவறினால், பின்னர் ஓடை நிறைந்து வந்தாலும் பிரயோஜனமில்லை. தாமதித்து விதைத்த பயிர் கதிர் முற்றுவதற்கு முன்பே செப்டம்பர்க் குளிர் அதை வாட்டிவிடும். ஆகவே, தேவையான காலத்திற்கும் தண்ணீர் வரும் காலத்திற்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மாத வித்தியாசம் இருக்கிறது. லே ஜில்லாவின் கிராம ஏற்பாடுகள், குடும்ப வழக்கங்கள், திருவிழாக்கள் யாவற்றையும் ஆராய்ந்து பார்த்தால், இந்த ஒன்றரை மாதத்தைச் சமாளிப்பதற்காகவே அவற்றிற் பல ஏற்பட்டிருக்கின்றன என்பது விளங்கும்.

வசந்தத்தில் ஓடை நூல்போல் ஓடும்போது ஊரார் அதை இரவெல்லாம் ஒரு குட்டையில் தேக்கிவைக்கிறார்கள். அதற்கு 'ஜிங்' என்று பெயர். காலையில் மடையைத் திறந்தால், தேங்கிய நீர் வேகத்தோடு கடைமடை வரையில் சென்று பாயும். தேக்காமல் விட்டிருந்தால் அந்நீர் வழியிலுள்ள மணலே குடித்துத் தீர்ந்துவிடும். மலைச்சரிவின் வளைவுகளைப் பின்பற்றிக் கல்லும் மண்ணும் கொண்டு வெட்டிய தாய் வாய்க்கால்கள் சில மைல் தூரம் செல்வதுண்டு. அவற்றிலிருந்து கிளை வாய்க்கால் பிரிந்து, படிப்படியாக அமைந்த வயல்களுக்குப் பாய்கிறது. வயலுக்குள் சிறு சிறு பாத்திகள் கட்டி, புல்கட்டியும் கல்லும் வைத்து மடை அடைக்கிறார்கள். சிமெண்டு, இரும்புக் கதவு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இந்நீரைப் பங்கிடுவதற்கென்று கிராமத்தாரால் நியமிக்கப்படும் உத்தியோகஸ்தருக்குச் 'சுர்ப்பொன்' என்று பெயர். 'சு' என்றால் நீர். 'பொன்' என்றால் தலைவன். தென்னாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்யும் காரியத்தையே இவரும் செய்கிறார் எனலாம். ஆயினும் சுர்ப்பொன் பதவி பல ஊர்களில் பரம்பரையானதன்று. வருஷந்தோறும் வீட்டு முறைப்படியோ, ஊரார் தேர்ந்தெடுத்தோ ஒருவர் அமர்கிறார். அவருடைய ஊதியம் அறுவடைக்குப் பின் வீடுதோறும் கொடுக்கும் தானியம். இன்ன வயலுக்கு இன்ன நாளில் இத்தனை பொழுது என்று அவர் சொல்வதே முடிவு. முறை தவறி மடையைத் திறந்தவன் அபராதத்துக்குள்ளாவான். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் காவலைவிட, அடுத்த வருஷம் தானும் அப்பதவியில் இருக்க நேரும் என்று அறிந்தவன் செய்யும் காவல் நேர்மையாயிருப்பதில் வியப்பில்லை.

ஒரே ஓடையின் கரையில் மேலூரும் கீழூருமாக இருந்தால், எந்தெந்த நாளில் எவ்வூருக்கு நீர் என்பதும் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜம்மு-காஷ்மீர் சமஸ்தானத்தின் நில ஏற்பாட்டு உத்தியோகஸ்தர்கள் இவ்வழக்கங்களைக் கிராமந்தோறும் விசாரித்து 'ரிவாஜ்-இ-ஆப்பாஷி' என்னும் பாசன வழக்கப் பதிவேட்டில் எழுதிவைத்தனர். புதிய விதி ஒன்றையும் தங்கள் சொந்தப் புத்தியால் விதிக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதிவைத்ததே அவர்கள் செய்த நன்மை. தகராறு நேரும்போது இன்றும் அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

சுர்ப்பொன்னைத் தவிர, ஊர்த்தலைவராகிய 'கோபா' ஒருவரும், பயிரில் மாடு ஆடு இறங்காமல் காவல் காக்கும் 'லோராபா' ஒருவரும் உண்டு. அண்டையிலுள்ள ஜான்ஸ்கார் பள்ளத்தாக்கில் மற்றொரு யுக்தியும் வழங்குகிறது. இலையுதிர் காலத்தில் உலர்ந்த மண்ணைச் சேர்த்து வீட்டில் வைத்திருந்து, வசந்தத்தில் வயலை மூடிக்கிடக்கும் பனியின்மேல் அதைத் தூவுகிறார்கள். கருநிறம் வெயிலை வாங்கிக்கொள்வதால் பனி பல நாள் முன்னதாக உருகுகிறது. எந்த ஆராய்ச்சிச் சாலையும் சொல்லிக் கொடுத்ததன்று இது.

பயிரும் எருவும்

முக்கியப் பயிர் உமியற்ற பார்லி. பாங்காங், ட்ஸோ மோரிரி என்னும் பெரிய ஏரிகள் உள்ள கிழக்குப் பக்கத்தில், கோர்ஸோக் என்னும் ஊரில் சுமார் 15,000 அடி உயரத்திலும் பார்லி விதைக்கிறார்கள். உலகத்தில் மிக உயர்ந்த இடத்திலுள்ள விளைநிலங்களுள் அது ஒன்று. சற்றுத் தாழ்ந்த ஊர்களில் கோதுமை, பட்டாணி, கடுகு முதலியனவும் உண்டு. ஷாம் பகுதியில் மட்டும் பார்லியை அறுத்தபின் டர்னிப் கிழங்கோ சிறுதானியமோ இரண்டாம் போகமாக எடுக்கலாம்.

ஜோதிடர் நாள் குறித்துக் கொடுக்க, 'ஸாகா' என்னும் விழாவோடு நல்லேர் பூட்டுகிறார்கள். ஏர் இழுப்பது 'ஜோ' என்னும் கலப்பினக் காளை. அது யாக்குக் கிடாரிக்கோ, பசுவுக்கும் யாக் காளைக்குமோ பிறந்து, யாக்கின் பலமும் பசுவினத்தின் சாதுத்தன்மையும் உடையதாயிருக்கும். பெண்ணினமாகிய 'ஜோமோ' பாலுக்கு ஏற்றது. ஓரிணை ஜோ வைத்திருப்பவர் மற்றவருக்கு இரவல் கொடுப்பதும், ஆள் பலத்தை மாற்றிக்கொள்வதும் அங்கே பழைய வழக்கம். ஆள் மாற்று 'பெஸ்' எனப்படும். ஆடுகளை மலைக்கு ஓட்டிச் செல்வதும் வீட்டுக்கு ஒரு முறை. அறுத்த கதிரைக் களத்தின் நடுவிலுள்ள கம்பத்தைச் சுற்றிக் கால்நடைகளைப் பிணையலடித்து மிதிக்க வைக்கிறார்கள். தூற்றும்போது காற்றை அழைக்கச் சீழ்க்கையடிப்பார்கள். தானியத்தை வறுத்து, 'ரன்தக்' என்னும் நீர்த் திரிகையில் அரைத்த மாவே அன்றாட உணவு. வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரில் அம்மாவைப் பிசைந்து உண்பார்கள்.

எருவின் விஷயத்தில் இவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது. காட்டு மரம் இல்லாமையால் சாணத்தைப் பெரும்பாலும் எரிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வயலுக்கு நேரும் நஷ்டத்தை மனித மல எருவால் ஈடு செய்கிறார்கள். வீட்டின் மேல் மாடியில் சிறு அறை. அதன் தரையில் துவாரம். பக்கத்தில் மண் குவியல். உபயோகித்தவர் ஒரு மண்வாரி மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழறையில் விழுவது மண்ணோடும் அடுப்புச் சாம்பலோடும் கலந்து, வறண்ட காற்றில் துர்நாற்றமின்றி மக்கி, வசந்தத்தில் வயலுக்குச் செல்கிறது. ஒரு சொட்டு நீரும் இதற்குச் செலவில்லை. நீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸ்கள் லே நகரத்து விடுதிகளில் பெருகியபின், அவை நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் கழிவு ஊற்று நீரில் கலப்பதும் முறையீடுகளாயின. பழைய ஏற்பாட்டின் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

வாய்க்கால் ஓரங்களில் பாப்ளர், வில்லோ மரங்களைக் கழி ஊன்றி வளர்க்கிறார்கள். பாப்ளர் உத்திரத்திற்கு, வில்லோ கிளை அதன்மேல் பரப்புவதற்கு, இலை ஆட்டுக்கு. குதிரைமசாலை அறுத்து வீட்டுக் கூரையில் உலர்த்திக் குளிர்காலத் தீவனமாகச் சேமிக்கிறார்கள். ஷாம் பகுதியின் ஆப்ரிகாட் பழத்தைப் பற்றித் தனியே எழுதலாம். அதில் வெண்மையான கொட்டையுடைய 'ரக்ட்ஸே கார்ப்போ' வகை 2022-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. சாங்தாங் வெளியில் 14,000 அடிக்கு மேல் கூடாரமிட்டுத் திரியும் சாங்பா இடையர்கள், பஷ்மீனா என்னும் மெல்லிய உரோமத்தைத் தரும் ஆடுகளை மேய்க்கிறார்கள். அவர்களுக்கு வயலில்லை; உழவர்க்கு உரோமமும் உப்பும் கொடுத்துப் பார்லி பெறுவது முன்னாள் வழக்கம்.

பங்கிடாத நிலம்

நீர் பெருகாதபோது நிலத்தைப் பங்கிடுவது குடும்பத்தைக் கெடுப்பதாகும் என்று இவர்களின் முன்னோர் கருதினர். ஆதலால் முழுச் சொத்தும் மூத்த மகனைச் சேர்ந்தது. இளையவர்கள் அவனோடு ஒரே குடும்பமாய் இருந்தனர். சகோதரர்கள் ஒரே பெண்ணை மணப்பதும் அக்காலத்தில் சாதாரணமாயிருந்தது. ஒரு மகன் பௌத்த மடத்திற்குச் சென்றான். மூத்தவனுக்கு மணமானபின், பெற்றோர் ஒரு சிறு வீட்டிற்கும் சிறு வயலுக்கும் விலகிக்கொண்டு பெரிய வீட்டை அவனிடம் ஒப்படைத்தனர். இவ்வழக்கத்தை வெளியார் பலவாறு இகழ்ந்ததுண்டு. ஆனால் பல தலைமுறைகளாக வீடுகளின் தொகையும் வயல்களின் அளவும் மாறாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

1941-ஆம் வருஷத்துச் சட்டம் சகோதரர் கூட்டுமணத்தைத் தடுத்தது. 1943-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம் பௌத்தர்களின் சொத்துரிமையை ஒழுங்குபடுத்தியது. அதன்பின் பாகப்பிரிவினை ஏற்பட்டது; வீடுகள் பெருகின. ஓடை நீர் மட்டும் பெருகவில்லை.

1960-க்குப் பின் மோட்டார்ச் சாலையும் படைகளும் வந்தன. படைகளுக்குக் காய்கறி விற்கும் வியாபாரம் விவசாயிகளுக்குப் புதிய வருமானமாயிற்று. உருளைக்கிழங்கும் முட்டைகோசும் பார்லி வயல்களில் இடம் பெற்றன. மண்சுவரும் தெற்கு நோக்கிய பாலிதீன் விரிப்பும் கொண்ட சிறு வீடுகளில் குளிர்காலத்திலும் கீரை பயிராகிறது. 1974-ஆம் வருஷத்தில் வெளிநாட்டு யாத்திரிகர்களுக்கு லே திறந்துவிடப்பட்டது. சர்க்கார் நியாயவிலைக் கடையில் அரிசியும் கோதுமை மாவும் மலிவாய்க் கிடைக்கின்றன. 1995-ஆம் வருஷத்தில் லே ஜில்லாவுக்குச் சுயாட்சி மலைச் சபை ஏற்பட்டது. 2019-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி முதல் லடாக் மத்திய அரசாங்கத்தின் நேர் ஆட்சிக்கு வந்தது. 2024-ஆம் வருஷத்தில் ஐந்து புதிய ஜில்லாக்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வாலிபர்கள் படிப்புக்கும் உத்தியோகத்திற்கும் நகரத்தை நாடுகின்றனர். வயலில் வயோதிகர்களும், பீஹாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த கூலியாட்களும் வேலை செய்கின்றனர். சுர்ப்பொன் பதவியை முறைப்படி ஏற்க வீட்டில் ஆளில்லை என்று பணம் கொடுத்து விலகுவோரும் உண்டு. இதற்கிடையே பனியாறுகள் பின்வாங்கிவருகின்றன. குளிர்காலப் பனியும் நிச்சயமற்றதாகிவிட்டது. பழைய ஒன்றரை மாதக் கஷ்டம் மேலும் முற்றியிருக்கிறது.

செயற்கைப் பனியாறு

இந்நிலையில் லே ஜில்லாக்காரராகிய சேவாங் நோர்பெல் என்னும் எஞ்சினீயர் செய்த முயற்சி பிரசித்தி பெற்றது. அவர் ஜம்மு-காஷ்மீர் அரசாங்கத்தின் கிராம அபிவிருத்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். குளிர்காலத்தில் குழாயில் நீர் உறைந்து குழாய் வெடித்துவிடாமலிருக்க, லே நகரத்தார் குழாயைத் திறந்தே விடுவது வழக்கம். அவ்வாறு வழிந்தோடிய நீர், பாப்ளர் மரங்களின் நிழலில் மெல்லப் பரவிய இடத்தில் கட்டியாக உறைந்து கிடப்பதை அவர் கண்டார். வேகமாய் ஓடும் இடத்தில் நீர் உறையவில்லை. மெதுவாய்ப் பரவும் இடத்தில் உறைந்தது. நவம்பர் முதல் மார்ச் வரையில் எவருக்கும் பயனின்றிச் சிந்து நதியிற் சென்று விழும் ஓடை நீரை இவ்விதமே உறையவைத்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

1987-ஆம் வருஷத்தில் புக்ட்ஸே என்னும் ஊரில் முதற் பனியாற்றை அமைத்தார். முறை மிகவும் எளிது. ஊருக்கு மேலே, வெயில் அதிகம் படாத மலைச்சரிவுக்கு ஓடையைத் திருப்பி, அங்கே குறுக்காகக் கல்லணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டவேண்டும். நீர் ஒவ்வோர் அணைக்குப் பின்னும் வேகம் தணிந்து, தகடு தகடாக உறைந்து அடுக்கடுக்காய் ஏறும். இதன் சூட்சுமம் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளது. இயற்கைப் பனியாறு 18,000 அடியில் இருக்கிறதென்றால், இதை 13,000 அடியை ஒட்டி அமைக்கிறார்கள். கீழே இருப்பதால் ஏப்ரல் மாதத்திலேயே உருகத் தொடங்கி, உழவுத் தண்ணீருக்கு உதவுகிறது. ஸ்டக்மோ, நாங், இகூ முதலிய ஊர்களிலும் அவர் இவற்றை அமைத்தார். கல்லும் ஆளும் உள்ளூரிலேயே கிடைப்பதால், பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். 1995-ஆம் வருஷத்தில் உத்தியோகத்தினின்று விலகிய பிறகும் அவர் இப்பணியை விடவில்லை. 2015-ஆம் வருஷத்தில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதையே வேறு விதமாகச் செய்தவர் சோனம் வாங்சுக் என்பவர். உயரமான இடத்திலிருந்து நிலத்தடிக் குழாய் வழியே நீரைக் கொணர்ந்து, ஊருக்கருகில் நிமிர்ந்து நிற்கும் குழாயின் முனையில் சிதறவிட்டால், நீர் தன் மட்டத்தைத் தேடி மேலெழும்பிக் கடுங்குளிர் காற்றில் உறைந்து கூம்பு வடிவில் மலைபோல் வளரும். பம்பு வேண்டியதில்லை. கூம்பு வடிவமானபடியால், பனியின் அளவுக்கு வெயில் படும் பரப்புக் குறைவு; ஆகவே தாழ்ந்த இடத்திலும் பல வாரங்கள் நிற்கிறது. பௌத்த ஸ்தூபியைப் போன்றிருப்பதால் 'ஐஸ் ஸ்தூபி' என்றே பெயர் வழங்குகிறது. 2013-14 குளிர்காலத்தில் முதற் பரீட்சை நடந்தது. அடுத்த குளிர்காலத்தில் பியாங் கிராமத்தில் பெரியதாக அமைத்து, அந்நீரைக் கொண்டு தரிசில் மரக்கன்றுகளை வளர்த்தனர்.

இவற்றை வைத்துக்கொண்டு பனியாறு போனாலும் கவலையில்லை என்று எண்ணுவது தவறு. ஓடையில் குளிர்கால நீர் இருந்தால்தான் அதை உறைய வைக்கலாம். நவம்பர் முதல் வேலையைக் கவனித்து, தப்பிய இடத்தில் நீரைத் திருப்பிவிட ஆள் வேண்டும். குழாய் நடுவில் உறைந்துவிட்டால் அவ்வருஷத்து வேலை வீண். மழையையே அறியாத மண்சுவர் நாட்டில் பெருமழை பெய்தால் நேரும் கேட்டை, 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலையில் லே கண்டது. மேக வெடிப்பால் உண்டான வெள்ளத்திலும் சேற்றிலும் 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வயல்களும் வாய்க்கால்களும் கற்குவியலாயின.

ஜான்ஸ்காரில் கூமிக் என்னும் பழைய ஊரின் கதி வேறு. அதன் ஓடைக்கு நீரளித்த பனி, வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் வயலுக்கும் மாட்டுக்கும் போதாமற்போயிற்று. ஊரார் கூடி ஆலோசித்து, கீழே ஆற்றோரத்திலுள்ள மார்தாங் என்னும் காற்றடிக்கும் வெறுந்தரையில் புது ஊர் கட்ட முடிவு செய்தனர். ஆற்றிலிருந்து நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டிக்கொண்டு, வீடு வீடாக அங்கே இறங்கினர்.

ஸ்டக்மோவில் குடியானவர்கள் இன்னும் மேலே ஏறிச் செல்கிறார்கள். நவம்பர் மாதத்தில் ஓடையைச் சரிவுக்குத் திருப்பி, இடிந்த கல்லணையை அடுக்கி, ஏப்ரலில் வரப்போகும் முதல் தண்ணீருக்கு முறை எழுதிக்கொள்கிறார்கள்.